ஔவை கேட்டது முதுமை, நாம் கேட்பது ஊசி... தெரியுமா?

உலகத்திலேயே கொடிய விஷம் எது தெரியுமா? ராஜநாகமா? இல்லை. சயனைடா? அதுவும் இல்லை. காற்றுப் புகாத டப்பாவுக்குள் கெட்டுப்போன உணவில் ஒரு பாக்டீரியா வளர்ந்து சுரக்குமே, அந்த போட்டுலினம் நஞ்சு! கண்ணுக்கே தெரியாத துளி போதும், ஓர் ஆளின் மூச்சு நின்றுவிடும்.

இப்போது கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்துக்கு வாங்க. திவான் பகதூர் ரோட்டில், அதாங்க நம்ம டி.பி. ரோட்டில், சாயங்காலம் ஒரு நடை போனால் ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே 'ஸ்கின், ஹேர், லேசர்' என்று போர்டு மின்னும். அந்த மாதிரி இடங்களின் குளிர்பெட்டியில் இருப்பது அதே விஷம்தான். பெயர் மட்டும் போடாக்ஸ். கொல்லும் அளவைக் காட்டிலும் மிக மிகக் குறைவாக நீர்த்து, நெற்றிச் சுருக்கத்தில் ஏற்றுகிறார்கள். நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை அது மறித்துவிடும். தசை சுருங்காது, சுருக்கம் தெரியாது. மூன்று நாலு மாதத்தில் வேலை தீர்ந்து, மறுபடி ஊசி, மறுபடி பில்!

இந்த விஷத்தைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் யார் தெரியுமா? ஒரு கவிஞர்! ஜெர்மனிக்காரர் யுஸ்டினஸ் கெர்னர். மருத்துவரும் அவரே. 1820-களில், கெட்டுப்போன தொத்திறைச்சி தின்று ஆட்கள் செத்ததை ஆராய்ந்தவர், அந்த நஞ்சைத் தானே சாப்பிட்டும் பார்த்தார். இதை ஒரு நாள் மருந்தாக்கலாம் என்றும் எழுதி வைத்தார். மனுஷனுக்கு என்ன தைரியம்! பிறகு 1895-ல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்கப் போன பேண்டு வாத்தியக் குழு, அங்கே போட்ட பன்றி இறைச்சியைச் சாப்பிட்டுவிட்டு வரிசையாகச் சுருண்டது. மூன்று பேர் இறந்தே போனார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கம் என்ற விஞ்ஞானி கிருமியைப் பிடித்தார்.

அழகுக்கு எப்படி வந்தது? அழகுக்காக யாரும் தேடவே இல்லை! சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்யத்தான் 1970-களில் இதைக் குரங்குகளுக்குப் போட்டுப் பார்த்தார். கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமை துடிப்பு நோய்க்கு இதைப் போட்டுவந்தார். 1987-ல் ஒரு நோயாளி, 'புருவத்துக்கு நடுவில் ஏன் போடவில்லை? அங்கே போட்டால் முகம் தெளிவாக இருக்கிறதே' என்று கோபித்துக்கொண்டார். ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். வீட்டில் பேச்சு ஓடியது. அடுத்து ஊசி வாங்கிக்கொண்டது யார் தெரியுமா? அவர்கள் கிளினிக்கின் வரவேற்பாளர்! 1992-ல் கட்டுரை வெளிவந்தது, 2002-ல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. மாறுகண், ஒற்றைத் தலைவலி, உள்ளங்கை வியர்வை, பக்கவாதத்தில் விறைத்த கை என்று இன்றைக்கும் பல நோய்களுக்கு இது அருமையான மருந்து. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் 2004-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்ததைக் கேளுங்கள். உரிமம் முடக்கப்பட்டிருந்த ஒரு டாக்டர், ஆய்வகத்துக்கு மட்டுமே விற்கும் கச்சா நஞ்சை வாங்கி முகத்தில் ஏற்றினார். நாலு பேர் உடம்பு முடங்கி வென்டிலேட்டரில் கிடந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் அந்த டாக்டரேதான்! 2024-ல்கூடப் போலி போடாக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சரியான மருந்தையே இடம் தவறிப் போட்டால் இமை தொங்கிவிடும். வாரக்கணக்கில் ஒரு கண் பாதி மூடியபடிதான் கல்யாண வீடுகளுக்குப் போகவேண்டும்.

சரி, பசுவின் கண்ணுக்கும் நடிகையின் உதட்டுக்கும் என்ன உறவு தெரியுமா? 1934-ல் நியூயார்க்கில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர், மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஹையலூரானிக் அமிலம்! தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உப்பலாக வைத்திருக்கும் வஸ்து அது. நம் தோலிலும் உண்டு, வயதாக ஆகக் குறையும். அதைத்தான் இன்று 'பில்லர்' என்று உதட்டிலும் கன்னத்திலும் நிரப்புகிறார்கள். ஒரு காலத்தில் இதை எதிலிருந்து எடுத்தார்கள் என்று சொன்னால் நம்மூர் சேவல்கட்டு ரசிகர்கள் ஆடிப்போவார்கள்: சேவல் கொண்டையிலிருந்து! இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள்.

இனி வருவதுதான் திகில். மாட்டுக் கண்ணில் கண்டெடுத்த பொருள், தவறான இடத்தில் இறங்கினால் மனுஷக் கண்ணையே பறித்துவிடும். மூக்கிலும் புருவ நடுவிலும் ஓடும் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைப்பு உள்ளவை. ஊசி முனை குழாய்க்குள் நுழைந்து, அழுத்தமும் கூடிவிட்டால், பில்லர் பின்னோக்கிப் பாய்ந்து விழித்திரையின் ரத்தத்தை அடைத்துவிடும். விழித்திரை தாங்குவது ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதற்குப் பிறகு இருட்டு. இது அபூர்வமாகத்தான் நடக்கிறது. நடந்தால் மட்டும் பார்வை திரும்புவது மிகக் கஷ்டம். தோலுக்குப் போகும் குழாய் அடைத்தால் அந்த இடம் கறுத்து அழுகும். இந்தப் பொருளைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்று ஒரு நொதி மருந்து இருக்கிறது. பில்லர் போடும் இடத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆகவேண்டும். டி.பி. ரோட்டில் ஆட்டோ பிடித்து வாங்கி வர நேரம் இருக்காது!

பில்லர் புதுசு என்று நினைக்காதீர்கள். 1899-லேயே வியன்னாவில் மெழுகை, ஆமாம், பாரபின் மெழுகை உடம்பில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கிளாடிஸ் டீகன் என்ற பேரழகி, பின்னாளில் மார்ல்பரோ சீமாட்டி, மூக்குத் தண்டு நேராக இருக்க மெழுகு போட்டுக்கொண்டார். மெழுகு நழுவி முகத்தைக் கெடுத்தது. கடைசி வரை சரியாகவில்லை.

மூக்கு என்றதும் நம் மண்ணைத் தொட்ட கதை ஒன்று. ஆங்கிலேயரோடு திப்பு சுல்தான் மோதிய மூன்றாம் மைசூர்ப் போர் 1790 முதல் 1792 வரை நடந்தது. 1791-ல் கோயம்புத்தூர் கோட்டையே முற்றுகைக்கு ஆளானது. இன்று கோட்டை இல்லை, கோட்டைமேடு இருக்கிறது. அதே போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே பக்கம் புது மூக்கு வைத்தவர் யார் தெரியுமா? செங்கல் சூளை போடும் சாதியைச் சேர்ந்த ஓர் ஆள்!

எப்படி வைத்தார்? மெழுகில் மூக்கு மாதிரி செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிக் கோடு போட்டார். அந்த அளவுக்கு நெற்றித் தோலைச் சீவினார். ஆனால் இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு துண்டை மட்டும் வெட்டாமல் விட்டார். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் தோலுக்கு ரத்தம் ஓடும். அப்படியே திருப்பிக் கீழே இறக்கி மூக்காகப் பொருத்தினார். எவ்வளவு பெரிய வித்தை! இரண்டு ஆங்கில மருத்துவர்கள் நேரில் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். 1794-ல் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' படத்தோடு போட்டது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் அறுவை மருத்துவர் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814-ல் ஒரு ராணுவ அதிகாரிக்குச் செய்தார். அந்த அதிகாரிக்கு மூக்குப் போனது பாதரச மருந்தால். (பாதரசத்தை ஞாபகம் வையுங்கள், திரும்ப வரும்.) இன்று புற்றுநோயில் மூக்கு இழந்தவர்களுக்கும் உலகெங்கும் இதே நெற்றித் தோல்தான்.

கோவையிலும் இந்த வித்தையின் வாரிசுகள் உண்டு. மேட்டுப்பாளையம் சாலை கங்கா மருத்துவமனைக்கு, மெஷினில் துண்டான விரலையும் கையையும் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். அதை ஒட்டவைப்பதும் பிளாஸ்டிக் சர்ஜரிதான். அங்கே மருத்துவர் ராஜ சபாபதி தலைமையில் அந்தத் துறை உலகப் பெயர் பெற்றது. பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே நடிகை மூக்கு என்று நினைப்பவர்கள் ஒரு தடவை அந்த வார்டைப் பார்க்கவேண்டும். அரசாங்கத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும்: விபத்தில் சிதைந்த முகத்தைச் சீராக்கும் அறுவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, நல்ல மூக்கை எடுப்பான மூக்காக்க விலக்கு கிடையாது!

அடுத்து முடி. தலைமுடியை நேராக்கினால் கிட்னி கெடும் என்றால் சிரிப்பீர்கள். சிரிக்காதீர்கள்! 'ஸ்மூத்தனிங்' கிரீம்கள் சிலவற்றில் பார்மால்டிஹைடுக்குப் பதிலாக கிளையாக்சிலிக் அமிலம் வந்தது. அது மண்டைத் தோல் வழியே உள்ளே இறங்கி, ஆக்சலேட் படிகமாகிச் சிறுநீரகத்தை அடைத்ததை இஸ்ரேல் மருத்துவர்களும் பிரெஞ்சு மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சொன்ன 26 வயதுப் பெண்ணுக்கு மூன்று தடவை பார்லர் போனபோதும் மூன்று தடவையும் கிட்னி அடி வாங்கியது. இன்னொன்று, 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்'. தலை அலச பேசினில் கழுத்தைப் பின்னால் மடக்கிச் சாய்த்து வைக்கிறார்களே, அப்போது கழுத்து எலும்பை ஒட்டி மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் நசுங்கியோ கிழிந்தோ பக்கவாதம் வரலாம். 1993-லேயே அமெரிக்க மருத்துவர் ஒருவர் இந்தப் பெயரோடே எழுதினார், 2022-ல் ஹைதராபாத்தில் ஒரு அம்மாவுக்கு நடந்தது. கழுத்துக்கடியில் துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

முடி நடுவதில் உயிரே போயிருக்கிறது. 2016-ல் சென்னையில். போனது யார் தெரியுமா? படிப்பறிவில்லாத ஆள் இல்லை, மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர். அவர் போன இடத்துக்குச் சலூன் உரிமம்தான் இருந்தது என்று பின்னால் செய்தி வந்தது. 2022-ல் பெங்களூரில் 21 வயதுக் கன்னட சின்னத்திரை நடிகை, கொழுப்பை எடுக்கப் போய் வீடு திரும்பவில்லை. அதே 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் இருந்த ஒரு வரி என்ன தெரியுமா? பயிலரங்கில் வேடிக்கை பார்த்ததும் யூடியூப் பார்த்ததும் அழகு அறுவை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது! ஆணையம் அதை எழுத்தில் சொல்லவேண்டிய நிலைமை வந்துவிட்டது, அதுதான் என்னை அசரடித்தது.

பாதரசத்துக்கு வருவோம். பாலக்காடு கணவாயைத் தாண்டினால் மலப்புரம். அங்கே கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் விசித்திரம் ஒன்றைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் கொட்டும் ஓர் அரிய நோய், திடீரென்று பலருக்கு. அந்த வகை உறுதியான 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள்! கிரீமில் பாதரசம். பாதரசம் தோல் கறுப்பதை நிறுத்தும், உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தின்னும். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். 2024-ல் ஒரு சர்வதேசச் சிறுநீரக மருத்துவ இதழில் வெளியானது இது. லேபிளில் தயாரித்த ஊர் பேர் இல்லாத டப்பா எது வந்தாலும், அது அத்தை துபாயிலிருந்து கொண்டுவந்தது என்றாலும், குப்பையில் போடுங்கள். பாவம் பார்க்காதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் 'முகத்துக்கு நல்ல கிரீம்' என்று கேட்டு வாங்குவதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-ல் ஸ்டீராய்டு உட்பட மூன்று மருந்தைக் கலந்து ஒரு சூத்திரம் கொடுத்தார், கரும்படலத்துக்குக் கொஞ்ச காலம் பூச. நாம் அதைப் பவுடர் மாதிரி வருஷக்கணக்கில் பூசினோம். தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, வெயிலில் எரிந்து, நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த முகத்துக்கென்றே ஒரு நோய்ப் பெயர் வைத்துவிட்டார்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. சட்டம் இருக்கிறது, கவுன்ட்டரில் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது.

லேசரிலும் நமக்கென்று ஒரு கண்ணி உண்டு. முடி நீக்கும் லேசர் தேடிப் போவது நிறமியை. வெள்ளைக்காரர் தோலில் பெரும்பாலும் முடிவேரில்தான் நிறமி, நம் தோலில் மேல்தளம் பூராவும் நிறமி. வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை நமக்கு வைத்தால் தோலே சுடுபடும், பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் திட்டு. சந்தோஷச் செய்தியும் அதிலேயே இருக்கிறது: அந்த நிறமிதான் நம் முகத்தைச் சீக்கிரம் சுருங்கவிடாமல் காப்பது! காசு கொடுத்து எதை அழிக்கிறோம் பாருங்கள்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த அதிசயம். 2012-ல் ஒரு மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. 69 வயது அமெரிக்க லாரி டிரைவர், 28 வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். வலது பாதி முகம் அறுபது போல. இடது பாதி? தடித்து, மடிமடியாகத் தொங்கி, இன்னொரு ஆள் முகம் போல! அங்கே டிரைவர் இடப்பக்கம் உட்காருவார், ஜன்னல் வெயில் இடப்பக்கம். தோலைச் சிவக்கவைக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், ஆழத்தில் இறங்கிச் சுருக்கும் யு.வி.-ஏ கதிரைப் பக்கக் கண்ணாடி உள்ளே விட்டுவிடும். நம் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு லாரி டிரைவர்களுக்கு ஜன்னல் வலப்பக்கம். அடுத்த தடவை டீக்கடையில் ஒருவரைப் பார்த்தால் இரண்டு முழங்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவரே சிரித்துக்கொண்டு காட்டுவார்.

முகத்தில் தெரியும் முதுமையின் பெரும்பங்கு நாள்கணக்கில் வந்தது இல்லை, வெயில்கணக்கில் வந்தது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை வருஷம் கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னவர்களின் தோல், இஷ்டத்துக்குப் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக மூப்படைந்திருந்தது. 2013-ல் வெளிவந்த ஆய்வு. ஊசி இல்லை, லேசர் இல்லை! நம் பாட்டன்மார் காட்டு வேலையில் தலையில் உருமால் கட்டியதும், அம்மாக்கள் குடை பிடித்ததும் இதே வைத்தியம்தான். சிகரெட்டை விடுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதுமையைத் துரத்தும் தமிழ்க் கதை முதலில் எங்கே பிறந்தது தெரியுமா? நம் கொங்கு எல்லையில்! தகடூர், இன்றைய தருமபுரி. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது, அவன் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். புறநானூறே சாட்சி. நெல்லியில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி, அது இல்லாமல் உடம்பால் உறுதியான கொலாஜன் கட்டவே முடியாது. அந்த விஞ்ஞானம் அதியமானுக்குத் தெரிந்திருக்காது, மனசு தெரிந்திருந்தது. ஆனால் நாட்டுக் கதையில் வரும் ஔவை நேர் எதிர். கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் கிழவி உருவத்தைக் கேட்டு வாங்கியவள். இளமையைத் திருப்பிக் கொடுத்த கதாநாயகி அவள்! 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் அந்தக் கிழவியாக வந்து நாட்டையே கட்டிப்போட்டவர் கே.பி. சுந்தராம்பாள். அந்த 'கே' கொடுமுடி. நம்ம ஈரோடு மாவட்டத்துப் பொண்ணு.

நரைத்த கொங்குக்காரிகள் கதை இன்னும் இருக்கிறது. பொள்ளாச்சி பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் 1920-ல் பிறந்த நானம்மாள், கோவை கணபதியில் தொண்ணூறு தாண்டியும் யோகா சொல்லிக்கொடுத்தார். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் தன் இயற்கை விவசாயத் தோட்டத்தில் இறங்கி வேலை பார்த்தார், 2021-ல் பத்மஸ்ரீ. 'அது அவங்க உடம்பு வாகு' என்று தள்ளிவிடாதீர்கள். 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தசை வலு சராசரியாக 174 சதவீதம் ஏறியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள்! தொண்ணூறில் தசை வளரும்போது நாற்பத்தைந்தில் நாம் என்ன சாக்குச் சொல்வது? கோவை ரேஸ்கோர்ஸில் நடப்பது நல்லது, வாரம் இரண்டு நாள் எடையும் தூக்குங்கள். உழவர் சந்தைக் காய்கறி, ஏழு மணி நேரத் தூக்கம். இதற்கு விளம்பரம் கிடையாது, ஏனென்றால் இதில் யாருக்கும் கமிஷன் கிடையாது.

இத்தனையும் படித்த பிறகும் ஊசி போட்டுக்கொள்ளத்தான் ஆசை என்றால், அதில் தப்பில்லை. முகம் உங்களுடையது. ஆனால் நாற்காலியில் சாயும் முன் நாலு கேள்வி கேளுங்கள். ஊசி போடப்போவது யார், தோல் மருத்துவத்தில் பட்ட மேற்படிப்போ பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச்.சோ படித்தவரா, ஒரு வாரச் சான்றிதழா? பதிவு எண் என்ன? கிளினிக்கில் அதை எழுதி மாட்டவேண்டும் என்பது விதி, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். குப்பியை என் கண்முன் பிரித்து, லேபிளைக் காட்டுவீர்களா? பில்லர் என்றால், கரைக்கும் மருந்து இந்த அறையில் இருக்கிறதா? ஒன்றுக்கு மழுப்பினாலும் அட்வான்ஸ் போனால் போகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.